ஜான் போஸ்டல்: திரும்பி வரும் மெயிலுக்குக் காரணம் சொல்ல வைத்தவர்

ஓசூரை ஒட்டிய மத்திகிரி. ஒரு பக்கம் நூறாண்டு தாண்டிய கால்நடைப் பண்ணை, மறுபக்கம் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறும் கூட்டம். கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி; அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம்.

இங்கே வாடகை வீட்டில் இருக்கும் ஒரு இளம் இன்ஜினியரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தொழிற்சாலையில் இயந்திரங்களின் வெப்பநிலையைப் பதிவு செய்ய டெபியன் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று ஓடுகிறது. நள்ளிரவில் தேதி மாறும்போதெல்லாம் ஒரு பதிவு காணாமல் போகிறது. மூன்று இரவு உட்கார்ந்து பார்த்து, தவறு தன் கோடில் இல்லை, இலவசமாகக் கிடைத்த அந்த மென்பொருளிலேயே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். அதை எழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். டெபியனில் பிழையைப் புகார் செய்யும் வழி மெயில்தான். நிரப்பி அனுப்ப இணையப் படிவம் கிடையாது. கம்ப்யூட்டரிலேயே இருக்கும் கருவி வழியாக எழுதி அனுப்புகிறார். போயிடுச்சு என்று நினைத்துத் தூங்கப் போகிறார்.

ஆனால் மெயில் போய்ச் சேரவில்லை. எதிர்முனை சர்வர் அதை வாங்க மறுத்துவிட்டது. ஏன் மறுத்தது என்று அது சொன்ன பதிலும் அவருக்கு வரவில்லை. அனுப்புநர் முகவரியாக அவருடைய கம்ப்யூட்டர் தன் உள்பெயரைப் போட்டிருந்தது. அந்தப் பெயரில் இணையத்தில் யாருமே இல்லை. புகார் ஒரு பக்கம் நின்றது, மறுப்பு இன்னொரு பக்கம் நின்றது. பிழை அப்படியே இருக்கிறது. அதே மென்பொருளை நம்பியிருக்கும் மற்ற ஊர்களிலும் நள்ளிரவுப் பதிவு தொலைந்துகொண்டேதான் இருக்கும்.

இதில் யார் மீது தப்பு? அனுப்பியவர் மீதா, மறுத்தவர் மீதா? இந்தக் கேள்வியை 1975-லேயே ஒருவர் எழுதி வைத்தார். இன்று நாம் மெயில் அனுப்பும் முறையை வகுத்தவரும் அவர்தான். பெயர், ஜான் போஸ்டல்.

யார் இவர்?

ஜோனதன் புரூஸ் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஆல்டடீனாவில் பிறந்தார். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இணையத்தின் தந்தையரில் ஒருவராகச் சொல்லப்படும் விண்ட் செர்ஃப், ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையைத் தொடங்கிய ஸ்டீவ் குரோக்கர் இருவரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1966-ல் பட்டமும், 1968-ல் முதுகலையும், 1974-ல் கம்ப்யூட்டர் அறிவியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1969 அக்டோபர் 29 அன்று அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் அன்றுதான் வாய் திறந்தது. அதை நடத்திய லியனார்ட் கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மாணவர்களில் போஸ்டலும் ஒருவர். அப்போது வயது 26.

நீளமான தாடி, காலில் சாண்டல் செருப்பு. படங்களில் பார்த்தால் இணையத்தையே கட்டி நிறுத்தியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய கம்பெனி எதையும் அவர் தொடங்கவில்லை. 1977-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைசி வரை அங்கேயே இருந்தார்.

எண்களுக்குப் பொறுப்பாளர்

ஆர்பாநெட்டில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ந்தால் அதற்கு ஒரு எண் வேண்டும். புதிதாக ஒரு சேவை தொடங்கினால் அதற்கும் ஒரு எண் வேண்டும். ஆளாளுக்கு இஷ்டப்பட்ட எண்ணை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான்.

1972 மே மாதம் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார். எண்களை அதிகாரபூர்வமாகக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அது நானாகவே இருக்கலாமா என்பது அதன் சாரம். யாரும் மறுக்கவில்லை. அன்று எடுத்துக்கொண்ட வேலையை 26 வருடம் செய்தார். பின்னாளில் அந்த வேலைக்கு ஐயானா என்று ஒரு பெயர் வந்தது. பெயர்தான் அலுவலகம் போல இருந்தது. நடைமுறையில் அது போஸ்டலும், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் போன்ற சில சக ஊழியர்களும்தான்.

கூடவே ஆர்எஃப்சி ஆவணங்களின் ஆசிரியர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. இணையத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தம் எல்லாம் இந்த ஆவணங்களில்தான் இருக்கிறது. வரும் வரைவுகளைப் படித்து, திருத்தி, எண் போட்டு வெளியிடுவது அவர் வேலை. 1981-ல் வெளியான ஐபி, டிசிபி ஆவணங்களையும் தொகுத்தவர் அவரே.

1975-ல் ஒரு சின்னக் குறிப்பு

மெயில் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் அனுப்பிக் காட்டினார். கொஞ்ச வருடங்களிலேயே ஆர்பாநெட்டில் அதிகம் பயன்படும் சேவையாக அது மாறியது.

1975 நவம்பரில் போஸ்டல், ஆர்எஃப்சி 706 என்ற குறிப்பை எழுதினார். அளவு மிகச் சின்னது. விஷயம், குப்பை மெயில். அன்று லாட்டரி மெயிலும் கிடையாது, வங்கி பெயரில் மோசடியும் கிடையாது. அவர் கவலைப்பட்டது வேறு ஒன்றைப் பற்றி. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் கோளாறாகி, வேண்டாத செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால், வாங்கும் கம்ப்யூட்டர் அந்த ஒன்றை மட்டும் தடுக்க வழியே இல்லை. சரியாக நடந்துகொள்ளாத, அல்லது வெறுமனே தொல்லை தரும் இடங்களிலிருந்து வருவதை மறுக்கும் வசதி வேண்டும் என்பது அவர் யோசனை.

இன்று மத்திகிரி இன்ஜினியரின் கதவை மூடியது இந்த யோசனையின் பேரப்பிள்ளைதான். தவறாக அமைக்கப்பட்ட கம்ப்யூட்டரை வாசலிலேயே நிறுத்துவது.

எஸ்எம்டிபி எப்படிப் பேசும்?

1982 ஆகஸ்டில் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 வெளியானது. மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி அதில்தான் முழுமையாக வரையறுக்கப்பட்டது. அதன் பெயரில் உள்ள முதல் எழுத்து எளிமையைக் குறிப்பது. நிஜமாகவே எளிமைதான். இரண்டு சர்வர்கள் பேசுவதை மனிதர்களே படித்துப் புரிந்துகொள்ளலாம்.

அனுப்பும் சர்வர் கதவைத் தட்டும். தயார் என்று மறுமுனை சொல்லும். அனுப்பும் சர்வர் வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்லும். பிறகு மெயில் யாரிடமிருந்து, யாருக்கு என்று வரிசையாகச் சொல்லும். மறுமுனை ஒவ்வொன்றுக்கும் சரி என்றோ, முடியாது என்றோ பதில் தரும். கடைசியில் மெயிலின் உள்ளடக்கம் போகும். ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி வந்தால் முடிந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான்.

இதில் போஸ்டல் வைத்த மூன்று விஷயங்களைப் பிழைப் புகார் அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண். முதல் இலக்கம் 2 என்றால் சரி. 3 என்றால் மேலே சொல்லு. 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் இதை இப்படியே திரும்பக் கொண்டுவராதே. கோப்பு அனுப்பும் முறையான எஃப்டிபிக்காக 1974-ல் அவர் திருத்தி எழுதிய பதில் எண்களின் வழி வந்தது இது. இணையப் பக்கம் கிடைக்காதபோது நீங்கள் பார்க்கும் 404-ம் இதே மரபைச் சேர்ந்த எண்தான்.

இரண்டாவது, பொறுப்பு. ஒரு மெயிலைக் கொண்டு சேர்க்க ஒப்புக்கொண்ட சர்வர், பிறகு முடியாமல் போனால் சும்மா இருந்துவிடக் கூடாது. அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நாம் பவுன்ஸ் என்று சொல்லும் திரும்பி வரும் மெயில் இதுதான்.

மூன்றாவது, அந்தத் தகவலே சிக்கலாகிவிடக் கூடாது. தோல்வித் தகவல் தோற்று, அதற்கொரு தோல்வித் தகவல் கிளம்பி, இரண்டு சர்வர்கள் விடியவிடிய மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தால்? அதனால் தோல்வித் தகவலில் அனுப்புநர் முகவரியைக் காலியாக விடலாம் என்று எழுதினார். காலி முகவரிக்கு யாரும் பதில் போட முடியாதே.

அதே மாதம் டேவ் குரோக்கர் எழுதி வெளியான ஆர்எஃப்சி 822 இன்னொன்றைச் சேர்த்தது. ஒவ்வொரு மெயில் தளத்திலும் போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் ஒரு முகவரி இருக்க வேண்டும். இயந்திரங்கள் பேசித் தீராதபோது மனிதரைக் கூப்பிட ஒரு கதவு.

போஸ்டல் விதி

1980 ஜனவரியில் வந்த டிசிபி வரைவு ஒன்றில் போஸ்டல் போகிற போக்கில் ஒரு பொது விதி எழுதினார். அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்பது அதன் சாரம். இன்று இதைப் போஸ்டல் விதி என்கிறார்கள்.

அந்தக் காலத்துக்கு இது மிகப் பொருத்தம். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வேறு கம்பெனி, வேறு மென்பொருள், எழுதியவரும் வேறு ஆள். சின்னச் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் கதவைச் சாத்தியிருந்தால் இணையமே வளர்ந்திருக்காது.

அவருடன் வேலை பார்த்த ராபர்ட் பிரேடன் 1989 அக்டோபரில் தொகுத்த ஆர்எஃப்சி 1123 இதை மெயிலுக்கே நேரடியாகப் பொருத்தியது. அனுப்பும் சர்வர் சொல்லும் பெயர் நிஜமா என்று வாங்கும் சர்வர் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் சோதனையில் தோற்றது என்பதற்காகவே மெயிலை மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. 2008-ல் வந்த புதிய எஸ்எம்டிபி ஆவணமும் இதைக் கைவிடவில்லை. இன்று எத்தனையோ சர்வர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்.

இந்தியாவுக்கு ஒரு முகவரி

1983-ல் எண்களுக்குப் பதிலாகப் பெயர்களைப் பயன்படுத்தும் டிஎன்எஸ் முறையைப் பால் மாக்கபெட்ரிஸ் உருவாக்கினார். அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தவர் போஸ்டல். நாடுகளுக்கு இரண்டெழுத்துப் பெயர் என்ற வழக்கம் 1984-ல் போஸ்டலும் ரெனால்ட்ஸும் எழுதிய ஆவணத்தில் வந்தது. எது நாடு, எது நாடு இல்லை என்ற சண்டையில் அவர் இறங்கவில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ ஏற்கெனவே வைத்திருந்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்.

இந்தியாவுக்கான டாட் இன் 1989 மே 8 அன்று பதிவானது. இலங்கைக்கான டாட் எல்கே 1990 ஜூன் 15. அப்போது இந்தியாவில் இணையம் என்றால் எர்நெட் மட்டும்தான். மும்பையின் என்சிஎஸ்டி, சென்னை உட்பட ஐந்து ஐஐடிகள், மத்திகிரியிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், டெல்லியின் மின்னணுவியல் துறை என எட்டு இடங்கள். பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் வழியாக இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

டாட் இன் போன்ற உரிமையைக் கொடுக்க அன்று ஒரு நாடாளுமன்றமும் ஒப்பந்தமும் தேவைப்படவில்லை. உள்ளூரில் பொறுப்பான ஆள் யார் என்று பார்த்து ஐயானா ஒப்படைத்தது. வாங்குகிறவர் உரிமை கொண்டாடக் கூடாது, அந்தச் சமூகத்துக்காகப் பொறுப்பேற்க வேண்டும் என்பதை 1994-ல் எழுதிய ஆர்எஃப்சி 1591-ல் போஸ்டல் தெளிவாக்கினார்.

நம்பிக்கை எங்கே உடைந்தது?

போஸ்டல் வடிவமைத்த மெயில் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அனுப்புநர் முகவரியை யாரும் சோதிப்பதில்லை. இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கம் அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே கதைதான். சில நூறு ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்த காலத்தில் அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை.

1978 மே மாதமே முதல் எச்சரிக்கை வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர், ஆர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மெயில் அனுப்பினார். 1990-களில் இணையம் வியாபாரமானபோது அது வெள்ளமாக மாறியது. பொய் முகவரியில் குப்பை மெயில் குவிந்தது.

அதன் பிறகு வந்தவை எல்லாம் காவல் ஏற்பாடுகள். இதைப் புரிந்துகொள்ள ஓசூர்க்காரர்களுக்கு மாநில எல்லை சோதனைச் சாவடியே போதும். லாரியின் முன்னால் டிஎன் 70 என்று எழுதியிருக்கிறது. பெயின்ட் இருந்தால் யாரும் அப்படி எழுதிக்கொள்ளலாம். ஓசூர் ஆர்டிஓ பதிவேட்டில் அந்த வண்டி இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். சர்வர் வணக்கம் சொல்லும்போது தரும் பெயர் நம்பர் பிளேட். அந்த ஐபி எண் யாருடையது என்று டிஎன்எஸ்ஸில் தலைகீழாகத் தேடுவது பதிவேட்டைப் பார்ப்பது. இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று டொமைன் உரிமையாளரே பட்டியல் போடுவது எஸ்பிஎஃப், 2006-ல் ஆவணமானது. உள்ளே இருக்கும் சரக்கை வழியில் யாரும் மாற்றவில்லை என்று முத்திரை வைப்பது டிகேஐஎம், 2007. இரண்டிலும் தேறாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் 2015.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கத் தொடங்கின. ஜிமெயிலுக்கு அனுப்பும் யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும். ஐபியும் பெயரும் இரு பக்கமும் பொருந்த வேண்டும். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும்.

மோசடிக்காரர்களுக்கு இது பெரிய தடை இல்லை. டொமைன் வாங்கி எல்லாவற்றையும் சரியாக அமைத்துக்கொள்ள அவர்களால் முடியும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது யார் என்றால், டிஎன்எஸ் பற்றித் தெரியாமல் நல்ல எண்ணத்தோடு ஒரு பிழையைச் சொல்ல வந்தவர்.

1998: கடைசி வருடம்

மெயிலில் உடைந்த அதே நம்பிக்கை, போஸ்டலின் சொந்த வாழ்க்கையிலும் ஒரு நாள் சோதிக்கப்பட்டது. 1998 ஜனவரி 28 அன்று, டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களை நடத்திய 12 பேரில் எட்டு பேருக்கு அவர் ஒரு மெயில் அனுப்பினார். இனி மூலப் பட்டியலை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியின் சர்வரிலிருந்து எடுக்காமல் ஐயானா சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். எட்டு பேரும் செய்துவிட்டார்கள். உத்தரவு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. கேட்டது போஸ்டல், அது போதும் என்று இருந்தது.

வாஷிங்டன் அதிர்ந்தது. அமெரிக்க அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் எல்லாம் பழையபடி திருப்பப்பட்டது. அது ஒரு சோதனை மட்டுமே என்று போஸ்டல் விளக்கம் தந்தார். உலக இணையத்தின் சாவி தனி ஒரு மனிதரின் நல்ல பெயரில் தொங்குகிறது என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த வேலையை எடுத்துக்கொள்ள ஐகேன் என்ற அமைப்பு 1998 செப்டம்பர் இறுதியில் பதிவானது. அதை உருவாக்குவதில் போஸ்டலே முன்னின்றார்.

அது வளர்வதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1991-ல் அவருக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 1998-ல் மீண்டும் வால்வு மாற்ற வேண்டி வந்தது. அதன் பின் ஏற்பட்ட சிக்கலால் அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். வயது 55. மறுநாள் விண்ட் செர்ஃப் எழுதிய அஞ்சலி, அவர் வாழ்நாள் முழுக்கக் கவனித்த அதே வரிசையில் ஆர்எஃப்சி 2468 ஆக வெளியானது. 1999 முதல் இணையச் சங்கம் அவர் பெயரில் விருது தருகிறது. நேபாள மலைக் கிராமங்களுக்கு வயர்லெஸ் இணையம் கொண்டுபோன மகாபீர் புன்னுக்கு 2014-ல் கிடைத்தது அந்த விருதுதான்.

விதி தோற்றுவிட்டதா?

போஸ்டல் விதியை இன்று பலர் விமர்சிக்கிறார்கள். 2023 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9413 அந்த வாதத்தை விரிவாக வைக்கிறது. தவறாக வருவதையும் தாராளமாக வாங்கிக்கொண்டே இருந்தால் அனுப்புகிறவருக்குத் தன் தவறு தெரியவே தெரியாது. தவறே வழக்கமாகிவிடும். பின்னால் வருகிறவர்கள் அந்தத் தவறுக்கும் இடம் கொடுத்தே மென்பொருள் எழுத வேண்டிவரும்.

வாதம் நியாயமானது. ஆனால் அதே ஆள் எழுதிய மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறுகிறது. 1975-ல் மறுக்கும் உரிமையைக் கேட்டார். 1982-ல், மறுத்தால் எண்ணோடு காரணம் சொல் என்றார். தாராளமாக வாங்கு என்பது மட்டுமே போஸ்டல் இல்லை. மறுப்பும் ஒரு பிழைப் புகார்தான். உன் கம்ப்யூட்டரின் அமைப்பில் இன்ன இடத்தில் தவறு என்று எதிர்முனை உனக்கு எழுதும் புகார். அது உரியவரின் கையில் கிடைக்க வேண்டும். தவறாக அமைந்த கம்ப்யூட்டருக்குத் தன் தவறு தெரிய வேறு வழி கிடையாது.

மத்திகிரி கதையில் உண்மையிலேயே உடைந்தது அதுதான். மறுத்தது அல்ல, மறுப்பு ஆளிடம் வந்து சேராதது.

புகார் போய்ச் சேர என்ன செய்யலாம்?

அனுப்புநர் முகவரியை முதலில் பாருங்கள். நீங்கள் தினமும் திறந்து படிக்கும் நிஜமான மெயில் முகவரி அங்கே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் உள்பெயர் இருந்தால் பவுன்ஸ்கூட உங்களுக்கு வராது.

லேப்டாப்பிலிருந்து நேராக எதிர்முனை சர்வரின் 25-ம் போர்ட்டுக்கு அனுப்ப முயல வேண்டாம். வீட்டு பிராட்பேண்ட் ஐபிக்களிலிருந்து வருவதைப் பல சர்வர்கள் பார்த்தவுடனே தள்ளிவிடும். உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர் வழியாக, 587-ம் போர்ட்டில், பாஸ்வேர்டு கொடுத்து அனுப்புங்கள். புகார் அனுப்பும் கருவியிலேயே இதற்கான அமைப்பு இருக்கும்.

சொந்தமாக மெயில் சர்வர் நடத்தும் சிறிய நிறுவனமாக இருந்தால் நாலு விஷயம் பொருந்த வேண்டும்: சர்வர் சொல்லும் முழுப் பெயர், அந்தப் பெயருக்கான ஐபி, அந்த ஐபிக்கான தலைகீழ்ப் பதிவு, எஸ்பிஎஃப் பட்டியல். தலைகீழ்ப் பதிவை மாற்றித் தருவது பொதுவாக இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கையில் இருக்கும். எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

மெயிலை வண்ணம், எழுத்துரு இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். லினக்ஸ் கெர்னல் குழு போன்ற இடங்களில் எச்டிஎம்எல் மெயிலுக்குக் கதவே திறக்காது.

திரும்பி வந்தால் பதறாமல் எண்ணைப் பாருங்கள். 4-ல் தொடங்கினால் காத்திருங்கள். சர்வர் தானே மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் அதே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயன் இல்லை; பக்கத்தில் உள்ள வரியைப் படித்து, சொன்னதைச் சரிசெய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் வேறு கணக்கிலிருந்து அந்தத் தளத்தின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு எழுதுங்கள். திரும்பி வந்த மெயிலை முழுதாக, ஒரு வரியும் வெட்டாமல் சேர்த்து அனுப்புங்கள். தவறு அவர்கள் பக்கம் இருந்தால், அதுவும் நீங்கள் தரும் இன்னொரு பிழைப் புகார்தான்.

சர்வர் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மறுப்பதானால் கதவு திறந்திருக்கும்போதே, அந்த உரையாடலுக்குள்ளேயே, காரணத்தோடு மறுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் குப்பையில் போட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. போஸ்ட்மாஸ்டர் முகவரியை மட்டும் கொஞ்சம் தாராளமாகத் திறந்து வையுங்கள், வாரம் ஒருமுறையாவது படியுங்கள்.

மத்திகிரி இன்ஜினியர் அனுப்புநர் முகவரியை மாற்றி, 587 வழியாக மறுபடி அனுப்பினால் எதிர்முனை 250 என்று சொல்லும். போஸ்டல் 1982-ல் எழுதி வைத்த எண் அது. சரி, வாங்கிக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு என்று அர்த்தம்.